நம்ம ஆளுதான், விடுங்க: ஸ்ரீபெரும்புதூர் மாலை வரிசை முதல் சேலம் மைதானம் வரை ஒரு நிகழ்வு ஆய்வு

நம் ஊர்ப் பக்கம் ஒரு தலைவர் வருகிறார் என்றால் மேடை போடுவதற்கு முன்பே மாலைக்குச் சொல்லிவிடுவார்கள். சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டில் ரோஜாவும் சம்பங்கியும் வைத்து ஆளுயரத்துக்குக் கட்டும் மாலையை இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடியும். அதை யார் போடுவது, மாவட்டம் முதலிலா, ஒன்றியம் முதலிலா, மகளிர் அணிக்கு எத்தனை பேர் என்று கட்சி அலுவலகத்தில் நள்ளிரவு வரை பேச்சு ஓடும். பந்தோபஸ்து பார்க்கிறவர்களுக்கோ அந்தப் பட்டியல்தான் குரல்வளை. தலைவரின் கைக்கெட்டும் தூரத்துக்கு வெளியாள் ஒருவர் அனுமதியோடு வந்து நிற்கும் இடம் மாலை வரிசை ஒன்றுதான்.

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் அந்த வரிசையில் நடந்ததை இந்த ஆய்வு மையமாக எடுத்துக்கொள்கிறது. அதற்கு முன் பாதுகாப்பு எப்படி இருந்தது, பின்பு என்ன மாறியது, இன்றைய ஏற்பாட்டைச் சேலத்து மைதானத்திலும் ஏற்காட்டு மலைப்பாதையிலும் கொண்டுவந்து வைத்தால் எங்கே இறுகுகிறது, எங்கே அவிழ்கிறது என்று பார்க்கிறது. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இத்தனை ஆண்டுகளில் துப்பாக்கி கூடியிருக்கிறது, வண்டி கனத்திருக்கிறது, கேமரா பெருகியிருக்கிறது. ஆனால் உண்மையில் உயிர்காத்த மாற்றம், "நம்ம ஆளுதான், விடுங்க" என்று அந்த இடத்தில் நின்று சொல்லும் உரிமையை ஒவ்வொருவரிடமிருந்தும் வாங்கிக்கொண்டதுதான். அந்த உரிமை எங்கெல்லாம் இன்னும் மிச்சமிருக்கிறதோ அங்கெல்லாம் ஓட்டையும் இருக்கிறது.

அன்றிரவு

தேர்தல் நேரம். தமிழ்நாட்டில் ஜனவரி 30 அன்று ஆட்சி கலைக்கப்பட்டு குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி விசாகப்பட்டினத்திலிருந்து மீனம்பாக்கம் வந்து, போரூர், பூந்தமல்லி என்று வழியில் நின்று நின்று ஸ்ரீபெரும்புதூர் சேர்ந்தபோது இரவு 10 மணி தாண்டிவிட்டது. இந்தத் தாமதத்தைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. தலைவர் தாமதமாக வரவர, காத்திருக்கும் போலீசார் களைத்துப்போவார்கள். கூட்டம் பொறுமை இழந்து முன்னால் நகரும். சாயங்காலம் கோடு போட்டு நிறுத்திய வரிசை இரவு 10 மணிக்கு வரிசையாக இருக்காது.

மேடைக்குப் போகும் வழியில் கம்பளம் விரித்து, வரவேற்கிறவர்களை நிறுத்தியிருந்தார்கள். யார் யார் மாலை போடலாம் என்று முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய பட்டியல் இருந்தது. கையில் சந்தன மாலையோடு வந்த விடுதலைப் புலிகளின் தற்கொலைத் தாக்குதலாளி தணு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும், கவிதை வாசிக்கக் காத்திருந்த ஒரு சிறுமியின் அருகில், ஏற்கெனவே அனுமதிக்கப்பட்டவர்களோடு ஒருவராக அவர் நின்றார். பெண் உதவி ஆய்வாளர் ஒருவர் கை நீட்டித் தடுத்தார். ராஜீவே விடச் சொன்னார். தணு காலைத் தொடுவதுபோலக் குனிந்தார். உடலில் கட்டியிருந்த குண்டு வெடித்தது. மணி 10.20.

ராஜீவோடு 15 பேர் இறந்தார்கள் என்றும், அவர்களில் 9 பேர் போலீசார் என்றும், 43 பேர் காயப்பட்டார்கள் என்றும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. தணுவும், அவரோடு வந்த புகைப்படக்காரர் ஹரிபாபுவும் இந்தக் கணக்கில் சேராமல் தனியாக இறந்தார்கள். அந்த 9 பேரும் தலைவருக்குப் பக்கத்தில் நின்றவர்கள், கடமையில் இருந்தவர்கள். தூரம் கைவிட்டுப் போன பிறகு ஆள் எண்ணிக்கை எதையும் தடுக்காது என்பதற்கு அவர்களே சாட்சி. அவர்களை நினைக்காமல் இந்த நிகழ்வைப் பற்றிப் பேசக்கூடாது என்று நினைக்கிறோம்.

மே 7 அன்று சென்னையில் வி.பி. சிங் பேசிய கூட்டத்துக்கு இதே குழு போய் ஒத்திகை பார்த்திருந்ததைப் பின்னால் விசாரணை வெளிக்கொண்டு வந்தது. மாலையோடு எவ்வளவு நெருங்க முடிகிறது என்பதைத்தான் அவர்கள் அளந்து பார்த்தார்கள். இரண்டு வாரம் கழித்து வேறு ஊர், வேறு கட்சி, ஆனால் அதே மாலை வரிசை. தாக்க வருகிறவர் படிக்கும் பாடம் ஒரு மைதானத்திலிருந்து இன்னொரு மைதானத்துக்கு அப்படியே செல்லுபடியாகிறது. காக்கிறவர்கள் மட்டும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கினார்கள்.

எது எது விட்டுப்போனது என்று பிரித்துப் பார்த்தால், முதலில் பட்டியல். பெயர் இருந்தது. பெயருக்கு உரிய முகத்தைச் சரிபார்த்து உள்ளே விடும் ஒற்றை வாசல் வேலை செய்யவில்லை. இரண்டாவது, சோதிக்கப்பட்டவர்களும் சோதிக்கப்படாதவர்களும் ஒரே இடத்தில் கலந்தது. நூறு பேரைத் தடவிப் பார்த்து நிறுத்திய இடத்தில் ஒருவர் சோதனையில்லாமல் புகுந்தால், அந்தக் கணமே நூறு பேரின் சோதனையும் வீண். மருத்துவமனையில் கிருமி நீக்கிய கருவித் தட்டில் கைபடாத கருவியும் கைபட்ட கருவியும் கலந்துவிட்டால் தட்டையே மாற்றுவார்கள். இங்கேயும் அதே விதிதான்: கலந்துவிட்டால் வரிசையைக் கலைத்து மறுபடி சோதிக்க வேண்டும். மூன்றாவது, கட்சிக்காரர்களின் சிபாரிசு. நான்காவது, காக்கப்படுகிறவரே காவலைத் தளர்த்தியது.

நான்காவதைப் பற்றி எழுதத் தயங்குவார்கள். தயங்கத் தேவையில்லை. மக்களைத் தொட்டு வாக்குக் கேட்பது தலைவரின் தொழில். அவர் கையசைத்து "விடுங்கள்" என்றால் எதிரில் நிற்கும் உதவி ஆய்வாளர் என்ன செய்ய முடியும்? ஒரு தனி மனிதரின் துணிச்சல் மேல் அந்தச் சுமையை வைத்ததே ஏற்பாட்டின் பிழை. தலைவர் வண்டியை விட்டு இறங்கும் முன்பே வரிசை சுத்தமாக இருந்திருந்தால், அவர் யாரை அழைத்தாலும் ஆபத்தில்லை. தலைவரின் தாராளத்தைத் தாங்கும்படி வரிசையை முன்கூட்டியே தயார் செய்வதுதான் பாதுகாப்பு வேலை.

பதவிக்கு வந்த காவல், ஆளை விட்டுப் போன கதை

இதற்கு முந்தைய நாற்பதாண்டு வரலாற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். 1948 ஜனவரி 20 அன்று பிர்லா மாளிகையில் காந்தியின் பிரார்த்தனைக் கூட்டத்தில் குண்டு வெடித்தது. அதன் பிறகு போலீசார் கூட்டப்பட்டார்கள். ஆனால் வருகிறவர்களைத் தடவிச் சோதிக்கக் காந்தி ஒப்பவில்லை. பத்தே நாளில், ஜனவரி 30 மாலை, வணங்குவதுபோல எதிரே வந்தவன் மூன்று முறை சுட்டான். ஸ்ரீபெரும்புதூரின் எல்லா உறுப்பும் அன்றே இருந்தன: முந்தைய எச்சரிக்கை, வணக்கம் என்னும் வேடம், சோதனையை மறுத்த தலைவர்.

1981 வரை பிரதமரின் வீட்டுக் காவல் டெல்லி போலீசின் பொறுப்பு. அந்த ஆண்டு அக்டோபரில் உளவுத் துறை ஒரு சிறப்புப் படையை அமைத்தது. 1984 அக்டோபர் 31 காலை இந்திரா காந்தியைச் சுட்டவர்கள் வெளியாட்கள் இல்லை. அவருடைய வீட்டு வளாகத்தில் காவலுக்கு நின்ற இரண்டு பேர். "நம்ம ஆளு" என்ற சொல்லின் முழு விலை அன்று தெரிந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் எஸ்.பி.ஜி. என்று நாம் சொல்லும் சிறப்புப் பாதுகாப்புக் குழு. 1985இல் உருவாகி, 1988இல் தனிச் சட்டம் பெற்றது. பல படைகளிலிருந்து ஆள் எடுத்துத் தனியாகப் பயிற்சி கொடுத்து, ஒரே தலைமையின் கீழ், தலைவரை ஒட்டி நிற்கும் உள்வளையத்தை முழுதாக ஒப்படைப்பது என்பது அப்போது புதிய எண்ணம்.

ஆனால் அந்தச் சட்டம் பதவியில் இருக்கும் பிரதமரையும் அவருடைய நெருங்கிய குடும்பத்தாரையும் மட்டுமே காத்தது. 1989 டிசம்பரில் ஆட்சி மாறியது. அச்சுறுத்தல் ராஜீவை விட்டுப் போகவில்லை, காவல் மட்டும் போனது. 1986இல் ராஜ்காட்டில் அவர்மேல் துப்பாக்கிச்சூடு நடந்திருந்தது. 1987 ஜூலையில் கொழும்பில் அணிவகுப்பு மரியாதையின்போது ஒரு கடற்படை வீரர் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து அவரை அடித்திருந்தார். இவ்வளவும் பதிவில் இருக்க, நாற்காலியை விட்டு இறங்கியதும் வளையமும் கழன்றது. சரியான மாற்று ஏற்பாடு இல்லாமல் அதை விலக்கியதைப் பின்னால், கொலையில் பாதுகாப்புக் குறைகளை விசாரித்த வர்மா ஆணையம் குறையாகச் சுட்டியது. மாநிலப் போலீஸ், மத்திய அமைப்புகள், கட்சி ஏற்பாட்டாளர்கள் என்று மூன்று தரப்பின் தவறுகளையும் அது சொன்னது.

1991இல் சட்டம் திருத்தப்பட்டு முன்னாள் பிரதமர்களும் குடும்பத்தாரும் சேர்க்கப்பட்டார்கள். பிறகு கால வரம்பு நீண்டது. 2003இல் அது ஓராண்டாகச் சுருங்கி, அச்சுறுத்தலைப் பொறுத்து நீட்டிக்கலாம் என்றானது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, பதவியில் உள்ள பிரதமரும் அவரோடு அரசு இல்லத்தில் வசிக்கும் குடும்பத்தாரும், முன்னாள் பிரதமராக இருந்தால் 5 ஆண்டுகளுக்கு மட்டும், எஸ்.பி.ஜி. வளையத்துக்குள் வருவார்கள். மற்றவர்களுக்கு எக்ஸ், ஒய், இசட், இசட் பிளஸ் என்ற படிநிலையில் சி.ஆர்.பி.எஃப். முதலான படைகளோ மாநிலப் போலீசோ காவல் தரும். தமிழ்நாட்டில் முதல்வரின் உள்வளையம் போலீசின் கோர்செல் பிரிவிடம் இருக்கிறது.

நாற்காலியை அளவுகோலாக வைப்பதா, ஆபத்தை அளவுகோலாக வைப்பதா என்ற இழுபறி இன்னும் முடியவில்லை. படி இறங்க இறங்கக் காவல் மெலிகிறது. 2013 ஜூலை 19 அன்று சேலத்தில் பா.ஜ.க. மாநிலப் பொதுச் செயலாளர் ஆடிட்டர் ரமேஷ் வெட்டிக் கொல்லப்பட்டபோது ஊர் இதைத்தான் கண்ணால் பார்த்தது. நாற்காலியைப் பார்த்துக் காவல் தருவதைவிட ஆபத்தைப் பார்த்துத் தருவதே சரி என்பது எங்கள் உறுதியான கருத்து.

சேலத்து மைதானம்

முன்பெல்லாம் பெரிய கூட்டம் என்றால் கோட்டை மைதானம் அல்லது போஸ் மைதானம். நடுஊர், சுற்றிலும் மாடிகள், சந்துகள். 2024 மார்ச் 19 அன்று பிரதமர் மோடி பேசிய கூட்டம் நகரத்துக்கு வெளியே கெஜ்ஜல்நாயக்கன்பட்டியில் நடந்தது. இடம் இப்படி வெளியே போனதிலேயே பாதி மாற்றம் இருக்கிறது. 2024 ஜூலை 13 அன்று அமெரிக்காவின் பட்லர் நகரில் டிரம்பைச் சுட்டவன் மேடையிலிருந்து சுமார் 130 மீட்டரில் இருந்த ஒரு கட்டடத்தின் கூரையில் படுத்திருந்தான். ஊர் நடுவில் அப்படிப்பட்ட கூரைகள் எத்தனை என்று எண்ணி, ஒவ்வொன்றின் மாடிப்படிச் சாவியையும் வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒருவரை நிறுத்துவதைவிடக் கூரையே இல்லாத வெட்டவெளி மேல்.

சேலம் விமான நிலையம் காமலாபுரத்தில் இருக்கிறது. ஓடுதளம் 1,806 மீட்டர். பிரதமரின் பெரிய விமானம் அதில் இறங்காது. ஆகவே ஹெலிகாப்டர் தளத்தை மைதானத்துக்கு அருகிலேயே அமைக்கிறார்கள். எம்.ஐ.-17 ஹெலிகாப்டரின் மேல்விசிறி விட்டம் மட்டும் 21 மீட்டருக்கு மேல். சேலத்துச் செம்மண்ணில் அது இறங்கினால் புழுதி எழும்பி விமானிக்குத் தரையே தெரியாது. முந்தின நாளும் அன்று காலையும் தண்ணீர் லாரி வைத்து நனைக்க வேண்டும். ஆனால் சேறாகும் அளவுக்கு ஊற்றினால் சக்கரம் புதையும். தளத்தைச் சுற்றி ஃபிளெக்ஸ் பேனர், சாமியானாத் துணி, தகரம் எதுவும் தளர்வாக இருக்கக்கூடாது. காற்றில் பிய்ந்து போகும் ஒரு தகரம் போதும்.

இங்கே வெள்ளைக்கல் சுரங்கங்களும் கல் குவாரிகளும் அதிகம். குவாரி வெடிமருந்துக் கிடங்குகளில் ஜெலட்டின், டெட்டனேட்டர் இருப்பை ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வருகைக்கு முந்தைய வேலைகளில் ஒன்றாக இருந்தாக வேண்டும். ஏட்டில் தொகை மட்டும் ஒத்துப்போனால் போதாது, பெட்டியைத் திறந்து எண்ண வேண்டும்.

வாசலில் நிற்கும் டோர் ஃபிரேம் மெட்டல் டிடெக்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லோரும் அதை நம்புகிறார்கள், கொஞ்சம் பேருக்குத்தான் அதன் குணம் தெரியும். அது உலோகத்தைக் கண்டால் கத்தும், வெடிமருந்தைக் கண்டால் கத்தாது. வெடிமருந்தோடு வரும் பேட்டரி, கம்பி, இரும்புமணி ஆகியவற்றைத்தான் அது பிடிக்கிறது. மேடுபள்ளமான தரையில் வைத்தால் ஆடி ஆடித் தானாகவே கத்தும். பக்கத்தில் தகரத் தடுப்போ ஜெனரேட்டரோ இருந்தாலும் அப்படியே. அடியில் பலகை போட்டு மட்டம் பார்த்து, தகரத்திலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். காலையில் வைத்தபின் ஒரு சோதனைப் பொருளைத் தலை, இடுப்பு, கணுக்கால் என்று மூன்று உயரத்தில் கொண்டுபோய்க் காட்டிச் சரிபார்க்க வேண்டும்.

சேலத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. இது வெள்ளிக் கொலுசு செய்யும் ஊர். பெண்கள் வாசலில் கொலுசு, மெட்டி, தாலிக்கொடி எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட ஒவ்வொருவருக்கும் மணி அடிக்கும். முதல் அரை மணி நேரம் பெண் காவலர் ஒவ்வொருவரையும் நிறுத்திப் பார்ப்பார். வெயில் ஏறும், பின்னால் தள்ளுமுள்ளு தொடங்கும். "அது கொலுசுதாங்க, போங்க" என்ற வார்த்தை வாயில் வந்துவிடும். அந்த வார்த்தை வந்த நிமிடத்திலிருந்து கருவி வெறும் நிலைக்கதவு. இதற்கு மருந்து கண்டிப்பு இல்லை. எந்த உயரத்தில் உலோகம் இருக்கிறது என்று விளக்கு காட்டும் பலமண்டலக் கருவியை வைக்க வேண்டும். கணுக்கால் விளக்கு எரிந்தால் கைக் கருவியால் காலைப் பார்க்க வேண்டும். இடுப்பு விளக்கு எரிந்தால் துணித் தடுப்புக்குள் கூட்டிப்போய்க் கையால் தடவிப் பார்க்க வேண்டும். 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்ற வேண்டும்.

இதற்கு எத்தனை வாசல் வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். ஒருவரைச் சரியாகச் சோதிக்க 12 விநாடி என்றால் மணிக்கு 300 பேர். மூன்று மணி நேரத்தில் ஒரு வாசலில் 900 பேர். 40,000 பேர் வருவார்கள் என்றால் 45 வாசல். அவர்களில் ஐந்தில் இரண்டு பங்கு பெண்கள் என்றால் அவர்களுக்கு மட்டும் 18 வாசல். வாசலுக்கு மூன்று பெண் காவலர் என்று வைத்தால் 54 பேர், மாற்று ஆள் தனி. நடைமுறையில் பத்துப் பதினைந்து வாசலை வைத்துவிட்டு, கடைசி ஒரு மணி நேரத்தில் கூட்டம் நெருக்கியதும் எல்லாவற்றையும் திறந்துவிடுவதுதான் நடக்கிறது. காலை முதல் வெயிலில் நின்று சோதித்தவர்களின் உழைப்பு அந்த ஒரு மணி நேரத்தில் கரைந்துபோகிறது. வாசல் எண்ணிக்கை போதாது என்று கணக்கில் தெரிந்தால் கூட்டத்தைக் குறைக்க வேண்டும், அல்லது வாசலை இரண்டு மணி நேரம் முன்னதாகத் திறக்க வேண்டும். வேறு வழி இல்லை.

மோப்ப நாயும் வெயிலுக்குக் கட்டுப்பட்டது. மார்ச், ஏப்ரல் வெயிலில் 20, 30 நிமிடத்துக்கு மேல் அதன் மூக்கு சரியாக வேலை செய்யாது. நிழல், தண்ணீர், மாற்று நாய் வேண்டும். கூட்டம் வருவதற்கு முன் மேடை, மேடைக்கு அடியில், ஒலிபெருக்கிப் பெட்டிகள், ஏ.சி. பெட்டி, பூச்சட்டி என்று பார்த்து முடித்து, முடித்த இடத்தை அந்த நிமிடமே பூட்டி ஆள் நிறுத்த வேண்டும். பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனால் மறுபடி முதலிலிருந்து.

மேடைக்கு முன்னால் விடும் வெற்றிடத்தை எல்லோரும் "டி" என்பார்கள். அதன் பயன் இரண்டு. எறியும் பொருள் எட்டாது. வெடித்தாலும் தூரம் இரட்டிப்பானால், அதே அளவு பரப்பில் வந்து படும் சிதறல் நாலில் ஒன்றாகக் குறையும். 15, 20 மீட்டர் விடுங்கள் என்று கேட்டால் ஏற்பாட்டாளர்கள் முகம் சுளிப்பார்கள். பிறகு முக்கியப் பிரமுகர்களுக்கு நாற்காலி என்று சொல்லி அங்கேயே இரண்டு வரிசை போடுவார்கள். அந்த நாற்காலிகளில் உட்கார வருகிறவர்கள் எல்லோரும் "நம்ம ஆளு" தான்.

இனி மாலை. மாலை ஒரு வழி, ஆள் ஒரு வழி. எங்களைக் கேட்டால் இந்த ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொண்டாலே போதும் என்போம். மாலையும் பொன்னாடையும் சில மணி நேரம் முன்பே ஒரு மேசையில் ஒப்படைக்கப்பட வேண்டும். பூமாலையை உள்நார் தெரியும்படி பிரித்துப் பார்க்க வேண்டும். சந்தன மாலை, ஏலக்காய் மாலை, பழ மாலை போல உள்ளே தெரியாதவற்றை வாங்கவே கூடாது. பொன்னாடையை முழுதாக விரித்து உதற வேண்டும். பார்த்தவை காவலர் பொறுப்பில் மேடைக்குப் பின்னால் போகும். போடுகிறவர் புகைப்பட அட்டையோடு தனி வாசலில் சோதிக்கப்பட்டு, வெறுங்கையோடு வந்து நிற்பார். நேரம் வரும்போது மாலை அவர் கைக்கு வரும். பட்டியலில் உள்ள ஒருவர் வரவில்லை என்றால் அந்த இடம் காலியாகவே இருக்க வேண்டும். "அவருக்குப் பதிலா இவரு" என்பதை யார் சொன்னாலும் ஏற்கக்கூடாது. சொல்கிறவர் வேட்பாளராக இருந்தாலும் சரி, மூத்த அதிகாரியாக இருந்தாலும் சரி.

உள்வளையம் இறுகினால் ஆபத்து வெளியே நகர்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. 1998 பிப்ரவரி 14 அன்று அத்வானி பேச வேண்டிய நாளில் கோவையில் தொடர்குண்டுகள் வெடித்து 58 பேர் இறந்தார்கள். அவர்கள் கடைத்தெருவிலும் சாலையிலும் இருந்தவர்கள். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் 41 பேர் நெரிசலில் இறந்தபோது குண்டும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. தலைவருக்காக அளக்கும் தூரத்தைக் கூட்டத்துக்காகவும் அளந்திருக்க வேண்டும்.

இருபது வளைவுகள்

சமவெளியில் கான்வாயின் பலம் வேகம். அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வண்டி கிட்டத்தட்ட நின்று திரும்புகிறது. 12 வண்டிகள், இடையில் 15 மீட்டர் என்று வைத்தால் கான்வாய் சுமார் 225 மீட்டர் நீளம். வளைவில் முதல் வண்டி கடைசி வண்டிக்கு நேர் மேலே வந்துவிடும். சமவெளியில் பழகிய காவலர் சாலைக்கு முதுகைக் காட்டி வெளியே பார்த்து நிற்பார். இங்கே பார்க்க வேண்டியது மேட்டுப் பக்கம். சரிவின் மேல், காபித் தோட்டத்துக்குள் ஆள் நிற்காவிட்டால் சாலையோரத்தில் எத்தனை பேர் நின்றாலும் பயனில்லை. குண்டு துளைக்காத வண்டியின் எடை இறக்கத்தில் பிரேக்கைச் சூடாக்கும். தாழ்ந்த கியரிலேயே இறக்கப் பழகிய ஓட்டுநர் வேண்டும். ஒத்திகையை அதே எடை வண்டியில் செய்ய வேண்டும், ஜீப்பில் போய்வந்தால் ஒத்திகை ஆகாது.

சாலைக்கு அடியில் ஓடும் சிறுபாலங்கள் தனிக் கவலை. 2011 அக்டோபர் 28 அன்று மதுரை அருகே ஆலம்பட்டியில், அத்வானியின் ரதயாத்திரை போக வேண்டிய வழியில் ஒரு பாலத்தின் கீழ் பைப் வெடிகுண்டு கிடைத்தது. அவர் வருவதற்கு முன்பே கண்டுபிடித்ததால் ஒன்றும் ஆகவில்லை. மலைப்பாதையில் ஒவ்வொரு மழைநீர் வாய்க்காலுக்கும் ஒரு குழாயோ சிறுபாலமோ உண்டு. ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, இரண்டு பக்கமும் கீழே இறங்கி டார்ச் அடித்துப் பார்த்து, வலை கட்டி, பார்த்த நேரத்தைச் சுண்ணாம்பால் எழுதி, ஆளை நிறுத்த வேண்டும். மேலிருந்து குனிந்து பார்த்தால் பாதிக் குழாய்தான் தெரியும்.

வயர்லெஸ் இங்கே வளைவுக்கு வளைவு செத்துப்போகும். எந்த வளைவில் சத்தம் எடுக்கவில்லை என்று முன்பே நடந்து குறித்து, அங்கே செய்தி கடத்த ஒருவரை நிறுத்த வேண்டும். இதோடு ஒப்படைப்புச் சிக்கலும் சேர்கிறது. நகரம் மாநகரப் போலீஸ் ஆணையர் பொறுப்பு. ஏற்காடு மாவட்டக் கண்காணிப்பாளர் பொறுப்பு. எல்லையில் யார் கையிலிருந்து யார் கைக்கு, எத்தனை மணிக்கு, எந்த அலைவரிசையில் என்பது காகிதத்தில் இருக்க வேண்டும். இரண்டு பேரும் "அது அவங்க பக்கம்" என்று நினைக்கும் 200 மீட்டர்தான் மிக ஆபத்தானது.

மருத்துவக் கணக்கும் மாறுகிறது. நல்ல அறுவைச் சிகிச்சை என்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குத்தான் இறங்க வேண்டும். ஆகவே அறுவை மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், தலைவரின் பிரிவு ரத்தம் மூன்றும் கான்வாயோடு மேலே ஏற வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல் வானிலை. 2022 ஜனவரி 5 அன்று பஞ்சாபில் மழையால் ஹெலிகாப்டர் கிளம்பவில்லை. பிரதமர் பதிண்டாவிலிருந்து சாலை வழியாகப் புறப்பட்டார். ஃபெரோஸ்பூர் மாவட்டத்தில் மறியலால் ஒரு மேம்பாலத்தின் மேல் 15, 20 நிமிடம் சிக்கிக்கொண்டார். உச்ச நீதிமன்றம் அமைத்த குழு, போதிய ஆள் இருந்தும் வேலை நடக்கவில்லை என்று கண்டது. சாலை வழி இரண்டாவது திட்டமாகக் காகிதத்தில் மட்டும் இருந்ததன் விளைவு அது. ஏற்காட்டில் மூடுபனி எந்த நேரத்திலும் ஹெலிகாப்டரைத் தடுத்துவிடும். மே மாதக் கோடை விழாவில் மலர்க் கண்காட்சிக்குப் பிரமுகர்கள் வரும் நாளில் சுற்றுலா வண்டிகளே பாதையை அடைத்து நிற்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. மாற்றாக இருப்பது குப்பனூர் வழி. ஆகவே மூன்றும், வான்வழி, அடிவாரப் பாதை, குப்பனூர்ப் பாதை, ஒரே நேரத்தில் முழு ஆளோடு தயாராக இருக்க வேண்டும். ஆள் போதாது என்றால் அந்தப் பயணத்தை ஒப்புக்கொள்ளாமல் இருப்பதே நேர்மை.

சாலையில் நிற்கிறவர்களைப் பற்றியும் ஒரு சொல். தலைவர் கடக்கும் இரண்டு நிமிடத்துக்காகப் பெண் காவலர்கள் கழிப்பறைகூட இல்லாத இடத்தில் ஆறேழு மணி நேரம் நின்றார்கள். 2021 ஜூனில் தமிழ்நாட்டில் பெண் போலீசாரைச் சாலையோரப் பந்தோபஸ்துக்கு நிறுத்த வேண்டாம் என்று உத்தரவு வந்தது. இது சலுகை இல்லை, பாதுகாப்பு அறிவு. மயங்கி விழப்போகிறவரால் எதையும் கவனிக்க முடியாது. ஆண் காவலர்களுக்கும் தண்ணீர், நிழல், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்று என்பது இன்னும் எல்லா இடத்திலும் வரவில்லை. வர வேண்டும்.

கடைசி வேலை, தலைவர் கிளம்பிய பிறகு. ஹெலிகாப்டர் மேலே எழும்பியதும் மைதானத்தில் ஒரு பெருமூச்சு எழும். கயிறு அவிழும், வண்டிகள் கிளம்பும், மலைப்பாதையில் நின்றவர்கள் கிடைத்த லாரியில் ஏறிக்கொள்வார்கள். மூடுபனியோ கோளாறோ காரணமாக ஹெலிகாப்டர் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தால், இறங்கும் இடத்தில் ஆள் இருக்காது, பாலத்தடியில் காவல் இருக்காது, வாசல்கள் திறந்து கிடக்கும். அடுத்த ஊரில் தரையிறங்கிவிட்டார் என்ற செய்தி வயர்லெஸ்ஸில் வந்து, அதை எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் முதல் காவலர் தன் இடத்தை விட்டு நகர வேண்டும்.